சுவர் கொடுக்கும் பேஸ்: தாமான் வீட்டுக்கு டவர் ஸ்பீக்கர் வாங்குமுன்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் மனைவியின் தம்பி ஈப்போவிலிருந்து ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தான். வேனிலிருந்து இறக்க நானும் கை கொடுத்தேன். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம், அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் கனம். சாயங்காலமே அவன் வீட்டில் வயரை மாட்டி, எல்லாரையும் சோஃபாவில் உட்கார வைத்து, முதல் பாட்டாக ஓர் உறுமி மேளத்தைப் போட்டான். உறுமியும் கேட்கவில்லை, மேளமும் கேட்கவில்லை. ஹால் முழுக்க ‘பூம்’ என்று ஒரே முழக்கம், அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கலகலவென்று ஆடின.

“மாமா, ஸ்பீக்கர் பழுதா இருக்குமோ? திருப்பிக் கொடுத்துடவா?”

ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இல்லை. சோஃபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம், ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து நகர்த்தினோம், அப்புறம் அவன் பிள்ளைகளின் பள்ளிக் காலுறைகளைச் சுருட்டி ஸ்பீக்கரின் பின்பக்க ஓட்டையில் அடைத்தேன். பாட்டு பிரிந்து வந்தது, உறுமி இழுக்கும் இழுப்பு தனியாக, தப்படி தனியாக. அவனுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நாலாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினதைக் காலுறை போட்டு அடைக்கிறதா என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. டவர் ஸ்பீக்கருக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு பேஸுக்குத்தான், அதாவது பாட்டின் தாழ்ந்த சத்தத்துக்குத்தான், போகிறது. ஆனால் நம் தாமான் வீடுகளின், அதாவது குடியிருப்புப் பகுதியில் வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகளின், சுவர்கள் பேஸை ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இது தெரியாமல் கடைக்குப் போனால் ஒரே சரக்கை இரண்டு தடவை வாங்கி வருவோம்.

முதலில் டவர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரே வரிசையில் வரும் சின்ன ஸ்பீக்கரையும், அதாவது புக்‌ஷெல்ஃப் என்று சொல்வதையும், டவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும், கீச்சுச் சத்தம் போடும் ட்வீட்டர் ஒன்றேதான். கீழ்ச் சத்தம் போடும் வூஃபரும் பல நேரம் அதே அளவுதான், ஒன்றுக்குப் பதில் இரண்டு இருக்கும், அவ்வளவுதான். பெரிய வித்தியாசம் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு. கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜோசப் அன்டன் ஹாஃப்மன் பெயரில் ‘இரும்பு விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். இன்றைக்கு வரும் எந்த ஸ்பீக்கரும் இதை மீறவில்லை. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்து எல்லாரையும் அசர வைத்தபோதுகூட, அதற்கு ஈடாக ஆம்ப்ளிஃபையர் நிறைய வாட் தள்ள வேண்டியிருந்தது. டவர் இதற்கு நேர் எதிரான பேரம்: பெட்டி பெரிதாக இருக்கட்டும், இடத்தை அடைத்துக்கொள்ளட்டும், பேஸும் சத்தமும் இரண்டும் வேண்டும் என்று கேட்கிறது.

பெரிய வீட்டில் அது நல்ல பேரம்தான். நம் ஹாலில்?

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன், இந்தப் பக்கத்து ஒரு மாடி வரிசை வீடுகளில் ஏறக்குறைய எல்லாம் இதே கணக்கில்தான் வரும். ஹால் 12 அடி அகலம், 18 அடி நீளம், சீலிங் 10 அடி. செங்கல் சுவர், மேலே சிமெண்டுப் பூச்சு, தரையில் டைல்ஸ். ஸ்பீக்கரிலிருந்து வரும் தாழ்ந்த சத்தம் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும். இரண்டு சுவருக்கும் நடுவில் உள்ள தூரம் ஓர் அலையின் பாதி நீளத்துக்குச் சரியாக வந்துவிட்டால், போகிற அலையும் திரும்பி வருகிற அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அங்கேயே நின்றுவிடும், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி. நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அதை, மீட்டரில் அளந்த அறை நீளத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால் எந்த சுருதியில் அறை முழங்கும் என்று கிடைத்துவிடும். 18 அடிக்கு 32 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 32 அதிர்வு, 12 அடிக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. நீளத்தில் இரண்டாவது முழக்கம் 64இல் வரும்.

இந்த எண்களை ஒரு பாட்டின் பக்கத்தில் வையுங்கள். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55, அதற்கடுத்தது 73. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடகருக்குக் கீழே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகுமே, அதில் 55க்குப் பக்கத்தில் வரும் சுரம் எல்லாம் என் ஹாலில் யானை மாதிரி வந்து நிற்கும், 41 பக்கம் இறங்கினால் பூனையாகிவிடும். வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். டிரம்மின் உதையும் உறுமியின் கீழ்ச் சத்தமும் இந்த வட்டாரத்தில்தான் வந்து விழுகின்றன, அதனால்தான் மச்சான் வீட்டில் தாளம் கரைந்து வெறும் முழக்கமாகப் போனது. சின்ன ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகவே அடங்கிவிடும், அதனால் அந்த 48ஐ அது அவ்வளவாகத் தட்டி எழுப்பாது. டவர் 40 வரை இறங்கி அறையை எழுப்பிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் கைப்பேசியில் சுருதி கொடுக்கும் செயலி ஒன்றை இறக்கி, 48 ஹெர்ட்ஸில் வைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு, ஹாலின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து பாருங்கள். நடு ஹாலில் சத்தம் அப்படியே இறங்கிப்போகும், சுவரை நெருங்க நெருங்கக் காதை அடைக்கும். இப்போது நம் வீடுகளில் சோஃபா எங்கே இருக்கிறது? சுவரோடு ஒட்டி. முழக்கம் உச்சத்தில் இருக்கும் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்கிறோம்.

சுவர் இன்னொரு வேலையும் செய்கிறது. ஸ்பீக்கரைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் பின்பக்கம் போகவேண்டிய பேஸும் முன்னால் வந்து சேரும், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒரு சுவருக்கு 6 வரை ஏறும், மூலையில் வைத்தால் அதற்கும் மேல். இது குறை மட்டும் இல்லை. 1946இல் பால் கிளிப்ஷ் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் இதையே மூலதனமாக வைத்துத்தான் கிளிப்ஷ்ஹார்ன் என்ற குழாய் வடிவ ஸ்பீக்கரைச் செய்தார். அது அறையின் மூலையில் நின்றால்தான் முழுமையடையும், ஏனென்றால் இரண்டு சுவர்களும் அந்த ஹார்னின் வாயாகவே வேலை செய்யும். 1974இல் ராய் அலிசன் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் பொறியாளர், சுவர்களும் தரையும் ஸ்பீக்கரின் பேஸை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதை ஆராய்ந்து எழுதி, சுவரோடு ஒட்டி வைப்பதற்கென்றே ஸ்பீக்கர்கள் செய்து விற்கத் தொடங்கினார். ஆக, சுவரைக் கணக்கில் எடுத்துச் செய்த ஸ்பீக்கர் எப்போதோ வந்துவிட்டது. இன்றைக்குக் கடையில் நிற்கும் டவர்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்தவை அல்ல. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிற்கும் என்று எதிர்பார்த்துச் செய்தவை. 12 அடி ஹாலில் மூன்றடியை ஸ்பீக்கருக்குப் பின்னால் காலியாக விடச் சொன்னால் என் மனைவி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் அப்பாவின் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், பிளைவுட் பலகையை அறுத்து அவரே ஒரு ஜோடி பெரிய பெட்டி செய்து, 12 அங்குல வூஃபர் போட்டு, லயத்து வீட்டில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியைப் போட்டால் எங்கள் லயத்தில் பாதிப் பேர் அந்தப் பாட்டில்தான் பசியாறுவார்கள். பேஸ் அவ்வளவு சுத்தமாக இருக்கும், ஒவ்வோர் அடியும் எண்ணலாம். அப்புறம் எங்கள் பக்கத்து ரப்பர்க்காடு பால் வெட்டு நின்று செம்பனையானது, ஒரு பகுதி வீட்டுமனையானது, நாங்களும் மற்றவர்கள் மாதிரி தாமானுக்கு வந்தோம். அதே பெட்டி, அதே ஆம்ப்ளிஃபையர், செங்கல் வீட்டில் மாட்டு வண்டி பாலத்தில் போவது மாதிரி உருட்டியது. அப்பா ஆம்ப்ளிஃபையரில்தான் கோளாறு என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினார், கடைசியில் பெட்டிமேல் துணியைப் போட்டுப் பூச்சட்டி வைத்துவிட்டார்கள். கோளாறு வீட்டில் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. லயத்து வீடு பலகைச் சுவர், மேலே தகரம், ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்கும். பேஸ் சுவரை ஆட்டி, கூரையை ஆட்டி, வெளியே ஓடிப்போய்விடும், அறைக்குள் நின்று முழங்காது. பெரிய பெட்டி அந்த வீட்டுக்குத்தான் பொருத்தம்.

இதே காரணத்தால்தான் அமெரிக்க, கனடா விமர்சகர்கள் ஒரு டவரைப் புகழ்ந்து பேசும்போது நான் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்வேன். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை, தரையில் கார்ப்பெட். பலகை கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பேஸைத் தின்றுவிடும். அவர்களுக்குப் ‘போதாது’ என்று படும் பேஸ் நம் ஹாலுக்குச் சரியாக வரும், ‘அருமை’ என்று சொல்வது இங்கே தட்டு ஆட்டும். நீங்கள் கம்பத்துப் பலகை வீட்டில் இருந்தாலோ, ஹாலும் சாப்பாட்டு இடமும் அடுப்படியும் ஒரே நீளமாகத் திறந்து கிடக்கும் வீட்டில் இருந்தாலோ, நான் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே டவர் நன்றாகவே பாடும்.

சரி, தாமான் ஹால்தான், ஆனாலும் டவர்தான் வேண்டும் என்றால்? வாங்கலாம், நானும் டவர்தான் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் வைக்கும் புக்‌ஷெல்ஃபும் தரையில் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது, பேரப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் அது சாய்ந்து விழுமோ என்ற பயம் வேறு. ஆனால் பெரியதிலிருந்து இறங்கி வராதீர்கள், சின்னதிலிருந்து ஏறிப் போங்கள். ஒரு வரிசையில் மூன்று டவர் இருந்தால் நம் ஹாலுக்கு ஆகச் சின்னது, ஐந்து அல்லது ஐந்தரை அங்குல வூஃபர் இரண்டு உள்ளது, போதும். எட்டு அங்குலம் இரண்டு வைத்தது தேவையே இல்லை. பேஸ் வெளியே வரும் ஓட்டை, அதாவது போர்ட், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருந்தால் சுவர்ப் பக்கம் வைக்கக் கொஞ்சம் சுலபம், பின்னால் இருந்தால் குறைந்தது ஒரு சாண் இடமாவது விட வேண்டும். ஆனால் முன்போர்ட் என்றால் சுவரைப் பற்றிக் கவலையே இல்லை என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், பேஸ் எந்த வழியாக வந்தாலும் எல்லாப் பக்கமும் பரவி அதே சுவரில்தான் போய் மோதும். அதைவிட முக்கியம், போர்ட்டை அடைக்கப் பஞ்சு கொடுத்திருக்கிறார்களா என்பது. சில நிறுவனங்கள் பெட்டியோடு கொடுக்கின்றன. போர்ட் திறந்திருக்கும்போது பேஸ் ஒரு புள்ளிவரை தெம்பாக வந்து, அதற்குக் கீழே செங்குத்தாக விழுந்துவிடும். அடைத்தால் கொஞ்சம் முன்னாலேயே இறங்க ஆரம்பித்து மெதுவாகச் சரியும். மெதுவாகச் சரியும் அந்தச் சரிவும் நம் சுவர் ஏற்றிக்கொடுப்பதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். காலுறையின் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், பேஸை மட்டும் போடும் பெட்டியான சப்வூஃபர் தனியாக ஒன்றும் வாங்கினால், பாட்டு வரும் இடம் ஒன்று, பேஸ் வரும் இடம் வேறு என்று பிரித்து வைக்கலாம். சப்வூஃபரை ஹாலில் நகர்த்தி நகர்த்தி முழக்கம் குறைவான இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அதன் சத்தத்தைத் தனியாகக் குறைக்கலாம். டவரில் அது முடியாது, பேஸும் குரலும் ஒரே பெட்டியில் பூட்டியிருக்கின்றன. படமும் பார்க்கிற வீடு என்றால் நான் இதையே சிபாரிசு செய்வேன். என்ன, சப்வூஃபர் வாங்கின யாரும் அதைக் குறைத்து வைத்து நான் பார்த்ததில்லை.

சத்தம், வாட் கணக்குக்கு வருவோம். தொண்ணூறுகளில் மினி காம்போ பெட்டிமேல் ‘பிஎம்பிஓ 3000 வாட்’ என்று நெருப்புப் படம் போட்டு ஒட்டியிருக்குமே, அந்தப் பிஎம்பிஓவுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, ஆளுக்கொரு எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை, ஸ்பீக்கர் எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறோம். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் அது தாங்கும் அளவு, கொடுக்கும் சத்தம் இல்லை. பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், 6 டெசிபலுக்கு நாலு மடங்கு. அதாவது 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் போடும் சத்தத்துக்கு 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் வேண்டும். இதில் ஒரு சின்னத் தந்திரமும் உண்டு. 4 ஓம் ஸ்பீக்கர் அதே 2.83 வோல்ட்டில் 2 வாட் இழுத்துவிடும், அதனால் காகிதத்தில் 3 டெசிபல் அழகாகத் தெரியும். ஆகவே ஓமையும் சேர்த்துப் பாருங்கள், முக்கியமாகப் பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டப் போகிறீர்கள் என்றால்.

ஆனால் உண்மையைச் சொன்னால், 12 அடி ஹாலில் 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 1 வாட்டிலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்குச் சத்தம் போடும். மற்ற வாட் எல்லாம் டிரம் அடி விழும் அந்த ஒரு நொடிக்குத்தான். 50 வாட் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தால் வாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். நமக்கு எப்போதுமே சத்தம் போதவில்லை என்று தோன்றுவதற்கு, கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஹார்ன் கொஞ்ச வாட்டில் ஊரையே எழுப்பும். ஆனால் அதில் பேஸ் கிடையாது, நாதஸ்வரமும் பாடகர் குரலும் மட்டும் கம்பி மாதிரி நீளும், காது ஆகக் கூர்மையாக இருக்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியில்.

பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ராத்திரி பத்து மணிக்குமேல் மெல்ல வைத்துத்தான் கேட்க வேண்டும். மெல்ல வைத்தால் காது முதலில் இழப்பது பேஸைத்தான், ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வரைபடம் போட்டுக் காட்டிய விஷயம் இது. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பட்டன் இருந்தது அதற்காகத்தான். மெல்லக் கேட்கும் நேரத்தில் சுவர் ஏற்றிக்கொடுக்கும் பேஸ் வரப்பிரசாதம், அப்போது மட்டும் காலுறையை எடுத்துவிடலாம். நான் எடுத்துவிடுவதுண்டு.

இனிக் குரல். நம்மில் பெரும்பாலோர் கேட்பது பாட்டு, பாட்டில் முக்கியம் குரல், ஆனால் ஸ்பீக்கர் வாங்கப் போனால் குரலைத் தவிர மற்றதையெல்லாம் சோதிக்கிறோம். டவரில் ‘டூ வே’, ‘டூ அண்ட் எ ஹாஃப் வே’, ‘த்ரீ வே’ என்று மூன்று வகை வரும். டூ வேயில் இரண்டு வூஃபரும் பேஸும் பாடும், குரலும் பாடும். இரண்டரையில் கீழ் வூஃபர் பேஸை மட்டும் பார்த்துக்கொள்ளும். த்ரீ வேயில் குரலுக்கென்றே தனி டிரைவர், அதாவது சத்தம் போடும் தனிக் கூம்பு, இருக்கும். காகிதத்தில் த்ரீ வே உயர்வாகத் தெரியும். ஆனால் குறைந்த விலை த்ரீ வேயைவிட ஒழுங்காகச் செய்த இரண்டரை வேயில் குரல் நன்றாக வருவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். மூன்றாகப் பிரித்து மறுபடி தையல் தெரியாமல் சேர்ப்பதற்கு உள்ளே நல்ல கிராஸ்ஓவர், அதாவது சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்று, வேண்டும், அதற்குக் காசு ஆகும், அது வெளியே தெரியாத காசு என்பதால் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் நாம் மதிப்புப் போடுகிறோம். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் பல வருஷம் ஸ்பீக்கர் கேட்புச் சோதனைகள் நடத்திய ஃபிளாய்ட் டூல், அப்புறம் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து 1994இல் வெளியிட்டார். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒரு தடவை திரை போட்டு மறைத்து, ஒரு தடவை கண்ணெதிரே வைத்து. மறைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான செட், கண்ணால் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டது. பெரிசும் பளபளப்பும் மேலே ஏறின. கேட்டவர்கள் எல்லாரும் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்தவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால் போனஸ் காசோடு கடைக்குள் நுழையும் நாம் எம்மாத்திரம்?

அதனால் கடைக்குப் போகும்போது கண்ணை மூடிக் கேளுங்கள் என்பேன், வெட்கப்படாமல். ஈப்போவில் கிடைக்காதது வேண்டுமென்றால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் இருக்கிறது, ஹைஃபை கடைகள் அங்கே பக்கம் பக்கமாக உண்டு. உங்கள் பாட்டை நீங்களே கொண்டு போங்கள், கடைக்காரர் வைத்திருக்கும் பெண் குரல் ஜாஸ் எல்லா ஸ்பீக்கரிலும் தேனாகத்தான் ஒழுகும். உறுமி மேளம் ஒன்று, ஆண் குரல் தனியாகப் பேசுவது ஒன்று, நாதஸ்வரம் ஒன்று. உறுமி இழுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு இறங்குவது தெளிவாகக் கேட்கிறதா, இல்லை ஒரே இடத்தில் கும்மென்று நிற்கிறதா? பேசுகிற ஆள் சாதாரண ஆளாக இருக்கிறாரா, இல்லை குடத்துக்குள் தலையை விட்டவராக இருக்கிறாரா? நாதஸ்வரத்தில் பத்து நிமிஷம் கழித்துக் காது வலிக்கிறதா? இந்த மூன்றும் போதும். அறுபதுகளின் பாட்டு மட்டும் கேட்கிற ஆள் என்றால் டவருக்கே செலவழிக்க வேண்டாம். அந்தப் பதிவுகளில் அவ்வளவு கீழே ஒன்றும் பெரிதாக இல்லை, இறங்கிப் போனால் ஒலிப்பதிவுக்கூடத்து இரைச்சல்தான் கேட்கும்.

ஹாலைச் சரிசெய்யாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது வீண். ஹாலின் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டுங்கள், ‘டிர்ர்’ என்று எதிரொலி நடுங்கினால் டைல்ஸும் வெற்றுச் சுவரும் பேசுகின்றன என்று அர்த்தம். கனமான திரைச்சீலை, ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவில் ஒரு தடித்த கார்ப்பெட், இதற்குச் செலவழிக்கும் முந்நூறு வெள்ளி, ஸ்பீக்கரில் கூடுதலாகப் போடும் ஆயிரத்தைவிட அதிகம் வேலை செய்யும். ஆனால் அவை மேல் சத்தத்தைத்தான் அடக்கும், 48 ஹெர்ட்ஸுக்குக் கார்ப்பெட் ஒரு தூசு. அதற்கு நகர்த்துவதுதான் முதல் வழி, ஸ்பீக்கரை, இல்லையென்றால் சோஃபாவை.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் கொஞ்சம். வூஃபரின் விளிம்பில் இருக்கும் வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் இந்தப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பிசுபிசுத்து, தொட்டால் உதிரும், ரப்பர் வெகுகாலம் நிற்கும். பழையது வாங்குபவர்கள் முன்பக்கத் துணியைக் கழற்றி விரலால் மெல்ல அழுத்திப் பார்க்காமல் காசை எடுக்கக் கூடாது. டவரின் பெட்டி பெரும்பாலும் எம்டிஎஃப், அழுத்திய மரத்தூள். தினமும் மாப் போடும் வீட்டில் அடிப்பாகம் ஈரம் குடித்துப் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், தரையில் நேராக வைக்காதீர்கள். அடியில் திருகும் கூர்முனைகள் டைல்ஸில் வழுக்கும், கீறும். நான் ஒவ்வொரு முனைக்கும் கீழே ஒரு 1 காசு நாணயம் வைத்திருக்கிறேன். 2008இலிருந்து கடையில் சில்லறையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டிக் கொடுக்கிறார்கள், டப்பாவில் கிடந்த நாணயத்துக்கு அதன் பிறகு இப்படி ஒரு வேலை கிடைத்தது. பின்பக்கப் போர்ட்டுக்குள் பல்லி குடியேறும், ஒரு தடவை முட்டையே கிடந்தது. பழைய கொசுவலைத் துணி ஒரு துண்டு இழுத்துக் கட்டினால் பேஸ் குறையாது, பல்லியும் வராது. இடி இடித்தால் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

மச்சான் வீட்டில் ஸ்பீக்கர் அங்கேயேதான் நிற்கிறது, திருப்பிக் கொடுக்கவில்லை. சோஃபா மட்டும் சில நாள் முன்னால் தள்ளி இருந்துவிட்டு, தீபாவளிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று மறுபடி சுவரோடு போய்விட்டது. தீபாவளி அன்று ஹாலில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு முறுக்குத் தின்றார்கள், என்ன பாட்டு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.